ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஏற்றுமதி நிறுவனத்துக்கு: கவர் லெட்டரில் என்ன எழுதுவது, எதை விடுவது

கேள்வி இது: பி.காம். முடித்து ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 3 ஆண்டு வேலை. வீட்டில் ஒருவரின் சிகிச்சைக்காக 5 மாதத்துக்கு முன் அந்த வேலையை விட்டாயிற்று. இப்போது திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் தேவை என்று விளம்பரம் கொடுத்திருக்கிறது. டேலி, ஜிஎஸ்டி, ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) பில், ஏற்றுமதி ஆவணங்கள் தெரிந்திருக்க வேண்டும். 2 முதல் 4 ஆண்டு அனுபவம் வேண்டும். வாங்கிய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது சேர முடியும் என்பதையும் எழுதி மெயில் அனுப்பச் சொல்கிறார்கள். ஏற்றுமதி ஆவணங்கள் சரியாகத் தெரியாது, 5 மாத இடைவெளி வேறு. கவர் லெட்டர் எப்படி எழுதுவது?

ரெஸ்யூமேயில் இருப்பதையே பத்தி பத்தியாக எழுதி அனுப்புவதால் பயன் இல்லை. உங்கள் ரெஸ்யூமேயைப் பார்க்கிறவருக்கு இரண்டு சந்தேகம் வரும். ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவருக்கு ஒரு கம்பெனிக்குள் அன்றாடம் நடக்கும் கணக்கு வேலை தெரியுமா? இந்த 5 மாதம் என்ன ஆயிற்று? இரண்டுக்கும் ரெஸ்யூமேயில் பதில் இருக்காது. அந்தப் பதிலைச் சொல்லத்தான் கடிதம். மற்றதெல்லாம் கொசுறு.

யார் படிப்பார் என்பதையும் மனதில் வையுங்கள். நடுத்தர நிறுவனங்களில் மெயிலை முதலில் திறப்பவர் பெரும்பாலும் எச்ஆர் பிரிவைச் சேர்ந்தவர். எத்தனை ஆண்டு அனுபவம், சம்பளம் எவ்வளவு, எப்போது வருவார், எங்கிருந்து வருவார் என்று பார்த்து வடிகட்டுவார். அதில் தப்பியவை அக்கவுண்ட்ஸ் மேனேஜரிடமோ, சில இடங்களில் நேராக முதலாளியிடமோ போகும். அவர் தேடுவது வேறு. இந்த ஆள் வந்தால் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர் 1 (மாத விற்பனை விவர ரிட்டர்ன்) போய்விடுமா, டையிங் (சாயமேற்றும்) பில்லைச் சரிபார்க்கத் தெரியுமா என்று பார்ப்பார். ஒரே கடிதம் இரண்டு பேருக்கும் உதவ வேண்டும். ஆகவே வேலை பற்றியது மேலே. எச்ஆர் கேட்பதெல்லாம் கடைசிப் பத்தியில், தேடாமல் கண்ணில் படும்படி.

எழுத உட்காரும் முன் ஒரு தாளின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் விளம்பரத்தில் கேட்டவை, அவர்கள் எழுதிய வரிசையிலேயே. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் எதிரே நீங்கள் கையால் செய்த வேலை. “ஜிஎஸ்டி தெரியும்” என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். “14-ஆம் தேதி 2பி வந்ததும் கொள்முதல் பதிவோடு ஒப்பிடுவேன்; ஏறாத பில்களைப் பட்டியலிட்டு சப்ளையரிடம் கேட்பேன்; 20-க்குள் 3பி தாக்கல் செய்வேன்” என்று எழுதினால், இந்த வேலையைச் செய்திருக்கிறீர்கள் என்பது தானாகத் தெரியும். (2பி என்பது சப்ளையர்கள் ஏற்றிய பில்களின் மாதப் பட்டியல்; 3பி என்பது வரி கட்டும் மாத ரிட்டர்ன்.) அந்தத் தேதிகளும் வரிசையும் வெளியாளுக்கு வராது.

அடுத்தது ஜாப் ஒர்க். திருப்பூரில் கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவருக்கு உண்மையான தலைவலி இதுதான் என்பது என் கணிப்பு. நூல் நிட்டிங்குக்குப் போகிறது. துணி அங்கிருந்து டையிங், காம்பேக்டிங் (துணி பின்னால் சுருங்காமல் இறுக்குவது), பிரின்டிங், எம்ப்ராய்டரி என்று வெளியே சுற்றிவிட்டு வருகிறது. டெலிவரி சலானில் போன எடை, திரும்பி வந்த எடை, பில்லில் போட்ட எடை மூன்றும் ஒத்துப்போக வேண்டும். ஒப்புக்கொண்ட சேதாரத்துக்கு மேல் குறைந்தால் பில்லை நிறுத்திக் கேட்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்தபோது பின்னலாடைக் கிளையன்ட்டுகளுக்கு ஐடிசி 04 படிவம் (ஜாப் ஒர்க்குக்குப் போய் வந்த சரக்கின் ஜிஎஸ்டி விவரம்) போட்டிருந்தால், இந்தச் சலான்களை நீங்கள் ஏற்கெனவே வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் (அதிகபட்சம் 45 நாள்) கொடுக்காத பணம் ஆண்டு முடிவிலும் பாக்கியாக நின்றால் அந்த ஆண்டில் செலவாகக் கழிக்க முடியாது என்ற வருமான வரி விதிக்காக, ஆண்டு முடிவில் பாக்கிப் பட்டியல் எடுத்திருப்பீர்கள். ஜாப் ஒர்க் செய்து தருபவர்களில் நிறையப் பேர் அந்த வகையில் வருவதால் இதற்கும் நல்ல மதிப்பு உண்டு. கடிதத்தில் இவ்விரண்டுக்கும் தலா ஒரு வாக்கியம் ஒதுக்குங்கள்.

இப்போது “ஏற்றுமதி ஆவணங்கள் தெரியாது” என்ற கவலைக்கு வருவோம். ஒட்டுமொத்தமாகத் தெரியாது என்று முடிவு கட்டுவதற்கு முன் அதைப் பிரித்துப் பாருங்கள். இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் தயாரிப்பது டாக்குமென்டேஷன் பிரிவு. ஷிப்பிங் பில் (சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஏற்றுமதிப் படிவம்) போடுவது பெரும்பாலும் சிஎச்ஏ எனப்படும் சுங்க முகவர். அக்கவுண்ட்ஸ் பக்கம் வந்து சேருவது என்னென்ன? இன்வாய்ஸையும் ஷிப்பிங் பில்லையும் பொருத்தி ஜிஎஸ்டிஆர் 1-இல் ஏற்றுவது, வெளிநாட்டுப் பணம் எந்த பில்லுக்கு வந்தது என்று வங்கியோடு சரிபார்ப்பது, இ-பிஆர்சி (ஏற்றுமதிப் பணம் வந்ததற்கான மின்னணுச் சான்று) எடுப்பது, டிராபேக் (ஏற்றுமதிக்காகத் திரும்பக் கிடைக்கும் சுங்க வரி) வரவைக் கவனிப்பது, தேங்கிய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெற ஆர்எஃப்டி 01 போடுவது. கடைசியாகச் சொன்னதை ஆடிட்டர் அலுவலகங்கள்தான் பெரும்பாலும் செய்கின்றன. அதற்கான பட்டியலில் ஷிப்பிங் பில் எண், தேதி, எஃப்ஓபி மதிப்பு (கப்பலில் ஏற்றும் வரையான விலை), ஈஜிஎம் (சரக்கு கிளம்பியதைக் காட்டும் பட்டியல்) விவரம் எல்லாம் நிரப்பியிருப்பீர்கள். ஒவ்வொரு நிதியாண்டும் எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) புதுப்பித்திருப்பீர்கள். அப்படியானால் உங்களுக்குத் தெரியாதது வங்கிப் பக்கம் மட்டும்தான். கடிதத்தில் எழுத வேண்டியதும் அதுவே: இது செய்திருக்கிறேன், இது நேரடியாகச் செய்ததில்லை.

இல்லாததைச் சொல்ல வேண்டுமா என்று தயக்கம் வரும். விளம்பரத்தில் வெளிப்படையாகக் கேட்டிருந்தால் சொல்லிவிடுவது நல்லது, ஒரே வாக்கியத்தில், மன்னிப்புக் கேட்காமல். “வங்கியில் ஏற்றுமதி ஆவணங்களைச் சமர்ப்பிக்கும் வேலையை நேரடியாகச் செய்ததில்லை” என்று முற்றுப்புள்ளி வையுங்கள். “ஆனால் விரைவில் கற்றுக்கொள்ளும் ஆர்வம் உண்டு” என்ற வாலை ஒட்டாதீர்கள். அது எல்லாக் கடிதத்திலும் வரும் வரி. தெரியாததைத் தெரியும் என்று எழுதினால், இ-பிஆர்சியை எங்கே எடுப்பீர்கள் என்று நேர்காணலில் ஒரு கேள்வி வந்தாலே தெரிந்துவிடும். அதன்பின் நீங்கள் உண்மையாகவே செய்ததையும் நம்ப மாட்டார்கள்.

எண்கள் இல்லாத கடிதம் மெலிந்து தெரியும். நினைவில் இல்லாவிட்டாலும் கணக்குப் போட்டு எடுக்கலாம். எத்தனை கிளையன்ட்டை முழுவதும் நீங்களே பார்த்தீர்கள், அதில் எத்தனை பேர் பின்னலாடைத் தொழில், மாதம் சராசரியாக எத்தனை கொள்முதல் பில் பதிந்தீர்கள், எத்தனை வங்கிக் கணக்குக்கு பிஆர்எஸ் (வங்கிக் கணக்கோடு ஒப்பிடும் சரிபார்ப்பு) போட்டீர்கள், எத்தனை ரீஃபண்ட் விண்ணப்பம் தயார் செய்தீர்கள். உறுதியாகத் தெரியாத எண்ணைக் குறைத்தே சொல்லுங்கள். சதவீதங்களைத் தவிர்க்கலாம். “பிழைகளை 40% குறைத்தேன்” என்று எழுதினால், எப்படி அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. கிளையன்ட் பெயரை எழுதவே எழுதாதீர்கள். ஆடிட்டர் அலுவலக ரகசியம் என்பது ஒரு காரணம். அந்தக் கிளையன்ட் நீங்கள் விண்ணப்பிக்கும் நிறுவனத்துக்குப் போட்டியாளராக இருக்க வாய்ப்பு உண்டு என்பது இன்னொன்று. “ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளர்” என்றால் போதும்.

5 மாத இடைவெளிக்கும் ஒரே வாக்கியம்தான். எந்த மாதம் விலகினீர்கள், என்ன காரணம், இப்போது அது முடிந்துவிட்டது. நோயின் பெயர், யாருக்கு, ஆஸ்பத்திரிச் செலவு எதுவும் வேண்டாம். முக்கியமானது மூன்றாவது பகுதி, அதாவது “முடிந்துவிட்டது”. திரும்பவும் பாதியில் போய்விடுவாரோ என்பதுதான் படிப்பவரின் பயம். வேலையை விட்ட தேதியை நீட்டி எழுதி இடைவெளியை மறைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அனுபவச் சான்றிதழில் தேதி இருக்கும், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கில் கடைசி வரவு இருக்கும். பிஎஃப் பிடித்த இடமாக இருந்தால் யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) பதிவில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் இருக்கும்.

சம்பளத்தை அவர்கள் கேட்டிருக்கிறார்கள்; எழுதாமல் விட்டால் அறிவுறுத்தலைப் படிக்காத ஆள் என்று ஆகிவிடும். கேட்காத விளம்பரத்துக்கு எழுத வேண்டியதில்லை. வாங்கியதைச் சொல்லும்போது கைக்கு வந்த தொகையா, பிடித்தத்துக்கு முந்தையதா, ஆண்டு சிடிசியா (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றும் வேறு வேறு என்பதால் குழப்பம் அங்கேதான் வருகிறது. எதிர்பார்ப்பதைக் குறுகிய வரம்பாகக் கொடுங்கள். 25,000 முதல் 35,000 என்றால் 25,000 என்றுதான் அவர் காதில் விழும். “நிறுவன விதிப்படி” என்று எழுதுவது பணிவாகத் தோன்றலாம். எச்ஆருக்கு அது காலிக் கட்டம்.

இவற்றைச் சேர்த்தால் கடிதம் ஏறக்குறைய இப்படி வரும். எண்கள் மாதிரிக்குத்தான்.

பொருள்: அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் பணி, 3 ஆண்டு ஜிஎஸ்டி மற்றும் ஜாப் ஒர்க் கணக்கு அனுபவம், உடனே சேரலாம்

வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் எக்ஸிக்யூட்டிவ் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் 3 ஆண்டு பணியாற்றினேன். நான் பொறுப்பேற்றிருந்த 14 கிளையன்ட்டுகளில் 4 பேர் பின்னலாடைத் தொழிலில் உள்ளவர்கள்; இருவர் ஏற்றுமதியாளர்கள்.

அந்த நால்வருக்கும் டேலி பிரைமில் மாதம் சுமார் 350 கொள்முதல், ஜாப் ஒர்க் பில்களைப் பதிந்து, 2பி-யோடு ஒப்பிட்டு, ஜிஎஸ்டிஆர் 1, 3பி தாக்கல் செய்தேன். நிட்டிங், டையிங் சலான்களை பில்களோடு பொருத்தி ஐடிசி 04 தயாரித்தேன். ஆண்டு முடிவில் 45 நாள் கடந்த ஜாப் ஒர்க் பாக்கிகளின் பட்டியலை எடுத்துக் கொடுத்தேன்.

ஏற்றுமதியில், எல்யூடி புதுப்பித்தலும், ஷிப்பிங் பில் விவரங்களோடு ஆர்எஃப்டி 01 ரீஃபண்ட் விண்ணப்பங்கள் 9-ம் என் பொறுப்பில் நடந்தன. வங்கியில் ஏற்றுமதி ஆவணங்களைச் சமர்ப்பிக்கும் வேலையை நேரடியாகச் செய்ததில்லை.

குடும்பத்தில் ஒருவரின் சிகிச்சைக்காகக் கடந்த ஜனவரியில் பணியிலிருந்து விலகினேன், சிகிச்சை முடிந்துவிட்டது. உடனே சேர முடியும், திருப்பூரிலேயே தங்கிக்கொள்வேன். கடைசியாகக் கைக்கு வாங்கிய சம்பளம் மாதம் ரூ.21,000, எதிர்பார்ப்பது ரூ.25,000 முதல் 27,000. ரெஸ்யூமே இணைத்துள்ளேன். வார நாட்களில் எந்த நேரமும் அழைக்கலாம்.

பெயர், கைபேசி எண்

இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதினால் 200 முதல் 250 சொல் வரும். 300-ஐத் தாண்டினால் எங்கோ ரெஸ்யூமேயைத் திரும்பச் சொல்கிறீர்கள் என்று பொருள். இந்த மாதிரியை அப்படியே எடுக்காதீர்கள். நீங்கள் ஐடிசி 04 போட்டதே இல்லை என்றால் அந்த வரியை நீக்கிவிட்டு, செய்த வேறொன்றை அங்கே வையுங்கள். பத்தி சிறியதானால் ஒன்றும் குறைந்துவிடாது.

விட வேண்டியவை. பள்ளியில் விடுப்புக் கடிதம் எழுதிப் பழகிய “அனுப்புநர், பெறுநர், ஐயா” அமைப்பு மெயிலுக்குத் தேவையில்லை. தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், சாதி, “மேற்கண்ட விவரங்கள் உண்மை என உறுதியளிக்கிறேன்” என்ற உறுதிமொழி, ஊர், நாள் எதுவும் கடிதத்தில் வராது. “ஒரு வாய்ப்பு அளித்தால் மேலதிகாரிகள் முழுத் திருப்தி அடையும் வகையில் பணியாற்றுவேன்” என்ற வரி தலைமுறை தலைமுறையாக நகலெடுக்கப்பட்டு வருகிறது. படிப்பவர் கண் அதைத் தாண்டியே போகும். குடும்பக் கஷ்டம் வேண்டாம். பழைய ஆடிட்டரைப் பற்றிக் குறை வேண்டவே வேண்டாம், நியாயமாக இருந்தாலும். கடின உழைப்பாளி, நேர்மையானவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர் என்று தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் அடைமொழிகளை நீக்கிப் பாருங்கள். கடிதத்தின் பொருள் மாறாது.

ஏஐ செயலிகளைக் கொண்டு எழுதுவது பற்றி: ஆங்கில இலக்கணத்தைச் சரிபார்க்கப் பயன்படுத்தலாம், தவறில்லை. முழுக் கடிதத்தையும் எழுதச் சொன்னால், விளம்பரத்தின் சொற்களையே அலங்காரமாக அடுக்கித் தரும். ஐடிசி 04 போட்டீர்கள் என்பது அதற்குத் தெரியாதே. நீங்கள் பேசும்போது பயன்படுத்தாத சொல் கடிதத்தில் இருந்தால் எடுத்துவிடுங்கள். நேர்காணலில் பேச்சுக்கும் கடிதத்துக்கும் இருக்கும் தூரம் சட்டென்று தெரியும்.

ஆங்கிலத்தில் நம்மவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் காலம். வேலையை விட்ட பிறகும் “ஐ ஆம் ஒர்க்கிங் சின்ஸ் 3 இயர்ஸ்” என்று எழுதுவார்கள். முடிந்த வேலைக்கு “ஐ ஒர்க்டு ஃபார் 3 இயர்ஸ்”. வாக்கியங்களைச் சின்னதாக வைத்தாலே பாதித் தவறு குறையும். யாருக்கு என்பதில், விளம்பரத்தில் பெயர் இருந்தால் பெயர். இல்லாவிட்டால் “டியர் சார் / மேடம்” போதும். “ரெஸ்பெக்டட் சார்” பழைய பாணி என்று சிலர் ஏளனம் செய்வார்கள். முதலாளியே மெயில் படிக்கும் நிறுவனத்தில் அதனால் யாருக்கும் வேலை போகாது, கவலைப்படாதீர்கள். விளம்பரம் தமிழில் இருந்தால் தமிழிலேயே எழுதலாம், யூனிகோடில் மட்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்து மெயிலில் ஒட்டினால் எதிர்முனைக் கைபேசியில் வெறும் குறியீடாகத் தெரியும்.

உள்ளே வேலை பார்க்கும் ஒருவர் சொல்லித்தான் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், அவரிடம் கேட்டுக்கொண்டு, முதல் வாக்கியத்திலேயே அவர் பெயரையும் பிரிவையும் போடுங்கள். கடைசிப் பத்தியில் போட்டால் மற்ற விவரங்களோடு கலந்து கவனிக்கப்படாமல் போகலாம்.

அனுப்புவதில்தான் நல்ல கடிதங்கள் வீணாகின்றன. கடிதத்தை மெயிலின் உள்ளேயே எழுதுங்கள். தனி ஃபைலாக இணைத்துவிட்டு உள்ளே “பிளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு” மட்டும் எழுதினால் பலர் ரெஸ்யூமேயைத் திறந்துவிட்டுக் கடிதத்தைத் திறக்கவே மாட்டார்கள். ரெஸ்யூமே பிடிஎஃப் ஆக இருக்கட்டும். ஃபைல் பெயரில் உங்கள் பெயரும் பணியின் பெயரும். “நியூ ரெஸ்யூமே ஃபைனல் 2” என்ற பெயரில் வந்தால் அவர் கணினியில் சேமித்தபின் தேடிப்பிடிக்க முடியாது. ஆதார், பான், மதிப்பெண் பட்டியல் ஸ்கேன்களை இந்தக் கட்டத்தில் அனுப்ப வேண்டாம். யார் கையில் போய்ச் சேரும் என்று தெரியாது, மெயிலும் கனக்கும்.

அனுப்பும் வரிசையும் முக்கியம்: முதலில் ஃபைலை இணையுங்கள், பிறகு எழுதுங்கள், முகவரியைக் கடைசியாகப் போடுங்கள். தவறிக் கைபட்டாலும் பாதிக் கடிதம் போகாது. ஒரே மெயிலை இருபது நிறுவனங்களுக்கு ‘டு’ கட்டத்தில் அடுக்கி அனுப்புவது அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் இழக்கும் வழி. பழைய கடிதத்தைத் திருத்தி அனுப்பினால் நிறுவனத்தின் பெயரைத் தனியாக ஒருமுறை பாருங்கள். நிட்ஸ், நிட்வேர், நிட் ஃபேஷன்ஸ், அப்பேரல்ஸ் என்று முடியும் பெயர்கள் திருப்பூரில் ஏராளம். ஒன்றுக்கு இன்னொன்றை எழுதிவிடுவது சுலபம்.

விளம்பரத்தில் வாட்ஸ்அப் எண் மட்டும் இருந்தால் முழுக் கடிதத்தையும் அங்கே ஒட்டாதீர்கள். ஐந்து வரி போதும்: பெயரும் பணியும், அனுபவமும் பின்னலாடைக் கிளையன்ட் எண்ணிக்கையும், ஜிஎஸ்டி, ஐடிசி 04, ரீஃபண்ட், எப்போது சேர முடியும், சம்பள எதிர்பார்ப்பு. கூடவே பிடிஎஃப். “ஹாய் சார்” என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர்களை அந்த எண்ணை வைத்திருப்பவர் பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். குரல் பதிவு வேண்டாம். இரவு ஒன்பதுக்கு மேல் அனுப்பாதீர்கள். உங்கள் முகப்புப் படமும் நிலைத்தகவலும் அவருக்குத் தெரியக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விளம்பரத்தில் கடைசித் தேதி இருந்தால் அது முடிந்து ஒரு வாரம் கழித்து, இல்லாவிட்டால் அனுப்பி ஏழு வேலை நாள் கழித்து, அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரியில் ஒருமுறை கேளுங்கள். 11, 20 ஆகிய தேதிகளை ஒட்டிக் கேட்காதீர்கள்; அக்கவுண்ட்ஸ் மேனேஜர் ரிட்டர்ன் தாக்கலில் இருப்பார். அதற்கும் பதில் இல்லை என்றால் அடுத்த விளம்பரத்துக்குப் புதிதாக ஒரு தாளில் கோடு போடுங்கள்.